எலக்ட்ரிகல்தான் என்றேன்

என்ஜினியரிங் நுழைவுத்தேர்வான எம்செட்டின் ராங்க் வந்த வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். கம்ப்யூட்டர். பக்கத்து ஊர் பெரிய விவசாயி தன் மகன் அமெரிக்காவில் இருக்கிற படத்தைக் கொண்டுவந்து காட்டினார். படத்தில் பனியும், ஒரு சிவப்புக் காரும், காரின்மேல் சாய்ந்துகொண்டு அவர் மகனும் இருந்தார்கள். "ரெண்டாயிரம் வருசம் பொறக்கப் போவுது. உலகத்துல இருக்கிற கம்ப்யூட்டரு எல்லாம் கொழம்பிடுமாம். அத்த சரி பண்ண ஆளு இல்லாம வெள்ளக்காரன் தவிச்சிகினு கீறான்" என்றார். நல்ல மனிதர். என் மேல் அக்கறையோடுதான் சொன்னார்.

எங்கள் ஊர் சத்தியவேட்டுக்கும் நாகலாபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஆந்திராதான், ஆனால் வீட்டில் தமிழ். மண்டல ஆபீசில் தெலுங்கு. சந்தையில் எது வாயில் வருகிறதோ அது. என் தாத்தா காலம்வரை எங்களுக்குச் சொந்தமாக ஒரு காணி கிடையாது. சர்க்கார் பட்டா கொடுத்த பிறகுதான் நைனா வேர்க்கடலை போட ஆரம்பித்தார். கடலை இல்லாத மாதங்களில் அவரும் அம்மாவும் கூலிக்குப் போவார்கள். அண்ணன் பத்தாவதோடு நிறுத்திவிட்டு டிரைவிங் கற்றுக்கொண்டு குவைத்துக்குப் போனான். அங்கே ஒரு வீட்டில் கார் ஓட்டினான்.

அண்ணனுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்றைக்குச் சத்தியவேடு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கிற எஸ்.டி.டி. பூத்துக்கு அவன் போன் வரும். நானும் நைனாவும் முன்னாலேயே போய் பெஞ்சில் உட்கார்ந்திருப்போம்.

"பாப்பா, கம்ப்யூட்டரே எடு" என்றான் அந்த வெள்ளிக்கிழமை. "இங்க எங்க மொதலாளி வூட்டுக்கு வர்றவங்கோ எல்லாம் அத்தயேதான் பேசிகினு கீறாங்கோ. ஏசி ரூம்ல உக்காந்துகினு வேல செய்யலாம். என்னாட்டம் வெயில்ல காயணும்னு உனக்கு இன்னா தலையெழுத்து?"

"நான் எலக்ட்ரிகல் படிக்கலாம்னு இருக்கேண்ணா."

 "நைனாகிட்ட குடு" என்றான்.

நைனா கேட்டுக்கொண்டே இருந்தார். "சரி. சரிப்பா. நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டார். அவர் எதைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எலக்ட்ரிகல் ஆசை எனக்கு எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு பலரும் கேட்டிருக்கிறார்கள். ஒரு பஸ் பயணத்தில் வந்தது. இன்டர்மீடியட், அதாவது பிளஸ் டூ, படிக்கத் திருப்பதியில் அரசு விடுதியில் இருந்தேன். லீவு முடிந்து திரும்பும்போது பஸ் புத்தூர் தாண்டி ரேணிகுண்டா பக்கம் போகும். அங்கே சாலையோரம் பெரிய சப்ஸ்டேஷன் ஒன்று இருந்தது. இரும்புத் தூண்களும் கம்பிகளும் பழுப்புநிறப் பீங்கான் அடுக்குகளுமாக ஒரு தோப்பு மாதிரி நிற்கும். அதுவரை அதை ஒரு இடமாகக்கூட நான் கவனித்ததில்லை. அன்றைக்கு ரயில்வே கேட் போட்டுவிட்டதால் பஸ் சரியாக அதற்கு எதிரில் நின்றது. ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒருவர் ஒரு கைப்பிடியைச் சுற்றினார். மேலே இரண்டு நீள இரும்புக் கைகள் மெல்ல விலகின. விலகிய இடைவெளியில் ஒரு வெளிச்சம் பிறந்தது. பட்டப்பகலில், வெயிலைவிட வெள்ளையாக, ஓரத்தில் நீலமாக. கைகள் விலக விலக அதுவும் நீண்டது, வளைந்தது, மேலே எழும்பியது. பெரிய துணியை யாரோ இழுத்துக் கிழிக்கிற மாதிரி சத்தம். பிறகு சட்டென்று அறுந்துபோனது.

பஸ்ஸில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கண்டக்டர் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. காற்றில் அது எப்படி நின்றது, ஏன் அவ்வளவு தூரம் நீண்டது, பிறகு ஏன் அறுந்தது? மறுநாள் ஃபிசிக்ஸ் லெக்சரரிடம் கேட்டேன். "சிலபஸில் இல்லை. எம்செட்டுக்கு வராது" என்றார். அது எந்தப் படிப்பின் சிலபஸில் இருக்கிறது என்று விசாரித்தேன். எலக்ட்ரிகல் என்றார். அவ்வளவுதான்.

கவுன்சலிங் திருப்பதியில் நடந்தது. நைனா சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் ரேணிகுண்டா வந்தபோது அந்தச் சப்ஸ்டேஷனைக் காட்டி, நான் பார்த்ததைச் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் குனிந்து, அது கண்ணிலிருந்து மறையும்வரை பார்த்தார். 

ஹாலில் எங்கள் முறை வந்தபோது மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி என் ராங்கைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார். தெலுங்கில் சொன்னார்: "உன் ராங்குக்கு இங்கேயே திருப்பதியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கிறது அம்மா. கடைசி சில சீட். இதோ போட்டுவிடட்டுமா?"

"எலக்ட்ரிகல் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எலக்ட்ரிகல் பையன்கள் படிக்கிறது. கம்பத்தில் ஏறுவாயா நீ?"

"ஏறுகிறவர்களுக்கு எப்போது ஏறலாம் என்று சொல்கிற வேலை சார் அது" என்றேன். எங்கிருந்து அந்த வாய் வந்தது என்று தெரியவில்லை. பக்கத்து மேசைக்காரர் சிரித்தார்.

அதிகாரி என்னை விட்டுவிட்டு நைனாவைப் பார்த்தார். "பெரியவரே, நீங்கள் சொல்லுங்கள். இந்த சீட்டுக்காக வெளியே எத்தனை பேர் நிற்கிறார்கள் தெரியுமா?"

நைனா தோள்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அண்ணனுக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார். ஊரில் பாதிப்பேருக்குக் கம்ப்யூட்டர் என்றே சொல்லியிருந்தார். 

"நாலு வருசம் படிக்கப் போறது அது, நானில்ல சார்" என்றார். "அது கேக்கறத குடுங்கோ."

வெளியே வந்ததும் டீ வாங்கிக் கொடுத்தார். "உங்கண்ணனுக்கு நீயே சொல்லிக்கோ. என்னால ஆவாது" என்றார். சொல்லும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை போனில் நானே சொன்னேன். அதற்குப் பிறகு அண்ணன் இரண்டு வெள்ளிக்கிழமை போன் பண்ணவில்லை. பிறகு புத்தூர்க்காரர் ஒருவர் குவைத்திலிருந்து ஊருக்கு வந்தபோது அவரிடம் எனக்கு ஒரு சயின்டிஃபிக் கால்குலேட்டர் கொடுத்தனுப்பியிருந்தான். வேறு எதுவும் சொல்லியனுப்பவில்லை. அதைக் கல்லூரி விடுதிக்கு எடுத்துப்போன அன்று நான் அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

திருப்பதிக் கல்லூரியில் எங்கள் வகுப்பில் பெண்கள் கொஞ்சம்பேர்தான். விடுதியில் என் அறைத்தோழி ஏர்பேட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பம், தெலுங்குப் பெண். அவளும் எலக்ட்ரிகல். ஆனால் அவளுக்குக் கம்ப்யூட்டர் கிடைக்காததால் எலக்ட்ரிகல். அதை மறைக்கவே மாட்டாள். "நீ வேண்டும் என்று எடுத்தாயா? பிச்சிப்பில்லா" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். பைத்தியக்காரப் பெண்ணே என்று அர்த்தம். நாலு வருடமும் என்னை அப்படித்தான் கூப்பிட்டாள்.

முதல் மாதம் எனக்குத் திண்டாட்டமாக இருந்தது. பத்தாவதுவரை நான் தமிழ் மீடியம். மின்தூண்டல், மின்தடை, காந்தப்பாயம் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. அவற்றின் ஆங்கிலப் பெயர் சொன்னால் ஒரு கணம் தடுமாறுவேன். இன்டரில் ஓரளவு சமாளித்திருந்தேன். இங்கே எல்லாமே வேகமாக ஓடியது. ஆகவே உட்கார்ந்து திட்டம் போட்டேன். பழைய சுவர்க் காலண்டரின் தாள்களைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தில் நாலு வருடத்துப் பாடங்களையும் வரைந்தேன். சீனியர் அக்காக்களிடம் கேட்டுக் கேட்டு, எந்தப் பாடம் எதன்மேல் நிற்கிறது என்று கோடு இழுத்தேன். கணக்கு சரியாக வராவிட்டால் சர்க்யூட்ஸ் வராது. சர்க்யூட்ஸ் வராவிட்டால் மெஷின்ஸ் வராது. மெஷின்ஸ் இல்லாமல் பவர் சிஸ்டம்ஸ் பக்கமே போக முடியாது. அந்தக் கோடுகளெல்லாம் கடைசியில் போய்ச் சேர்கிற இடத்தில், நாலாம் வருடத்தில், விருப்பப் பாடம் ஒன்று இருந்தது. ஹை வோல்டேஜ் என்ஜினியரிங். காற்றில் மின்சாரம் எப்படிப் பாய்கிறது, எப்படி அறுகிறது என்பதுதான் அந்தப் பாடமே. அதைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டேன்.

"மூணு வருஷம் கழித்து வருகிற பாடத்துக்கு இப்போதே வட்டமா?" என்றாள் தோழி.

"கோடு எங்க போவுதுன்னு தெரிஞ்சாதானே நடக்க முடியும்" என்றேன். நான் தமிழில் பேசுவேன், அவள் தெலுங்கில் பேசுவாள். இருவருக்கும் புரிந்தது. அந்தத் தாளை அவளும் பார்த்தே படித்தாள். முதல் செமஸ்டர் முடிந்தபோது எங்கள் மாடியில் இன்னும் இரண்டு அறைகளில் அதே மாதிரி காலண்டர் தாள் தொங்கியது.

இரண்டாம் வருடம் மெஷின்ஸ் லேப். வளையல், கொலுசு கழற்றிவிட வேண்டும், துப்பட்டாவை இறுக்கி முடிந்துகொள்ள வேண்டும். அவ்வளவும் செய்துவிட்டுப் போனால் லேப் உதவியாளர் எங்களை ஓரத்து மேசைக்கு அனுப்பினார். "மீரு ரீடிங்ஸ் ராசுகோண்டம்மா" என்றார். நீங்கள் மீட்டர் அளவுகளை எழுதிக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். பையன்கள் கம்பி இணைப்பார்கள், மோட்டாரைக் கிளப்புவார்கள், நாங்கள் எழுதுவோம். சீனியர் அக்காக்கள் எல்லாரும் அப்படியே பாஸ் பண்ணியிருந்தார்கள்.

முதல் வாரம் எழுதினேன். இரண்டாவது வாரம் பேராசிரியர் உள்ளே வந்தபோது எழுந்து நின்றேன். "சார், பரீட்சையில் எங்களையும் இணைக்கத்தானே சொல்வீர்கள்?"

"ஆமாம்."

"அப்போது முதல்தடவையாகத் தொடுவதைவிட இப்போதே தொட்டுவிடுகிறோம் சார்."

அவர் லேப் முழுக்க ஒருதரம் பார்த்தார். அப்போதுதான் அதைக் கவனித்தவர்போல இருந்தது. "இனிமேல் முறை வைத்து எல்லாரும் இணைப்பார்கள். இன்றைக்கு இந்த மேசை" என்று எங்களைக் காட்டினார்.

டி.சி. மோட்டார். தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும், ஒரு கன்றுக்குட்டி அளவு. நான் இணைத்தேன், தோழி ஒவ்வொரு முனையாகச் சரிபார்த்தாள், அவர் ஒருதரம் பார்த்துத் தலையாட்டினார். ஸ்விட்சைப் போட்டுவிட்டு ஸ்டார்ட்டரின் பிடியை மெல்ல வலப்பக்கம் தள்ள வேண்டும். அவசரப்பட்டால் ஃபியூஸ் போய்விடும். தள்ளினேன். முதலில் ஒரு முனகல். பிறகு தண்டு நகர்ந்தது, சுற்றியது, சுற்றுவது தெரியாத வேகத்துக்குப் போனது. காலுக்கடியில் தரை அதிர்ந்தது. தோழி என் கையைக் கிள்ளினாள். அந்த வருடத்துக்குப் பிறகு அந்த லேப்பில் ரீடிங் எழுதுவதற்கென்று தனி மேசை கிடையாது.

மூன்றாம் வருடம் முடிகிற சமயத்தில்தான் பெரிய இடி விழுந்தது. நாலாம் வருட விருப்பப் பாடத்துக்குப் பெயர் கொடுக்கச் சொன்னார்கள். வகுப்பில் ஏறக்குறைய எல்லாரும் டேட்டாபேஸ் பாடத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டார்கள். அப்போது சாஃப்ட்வேர் கம்பெனிகள் கல்லூரி கல்லூரியாக வந்து ஆள் எடுத்துக்கொண்டிருந்தன. எந்தப் பிரிவாக இருந்தாலும் எடுத்தார்கள். ஹை வோல்டேஜுக்கு என் பெயரும் இன்னும் மூன்று பெயரும் இருந்தன. துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

"பதினைந்து பேராவது இல்லாமல் ஒரு பாடத்தை நடத்த விதி இல்லை அம்மா. நீயும் டேட்டாபேஸ் எடுத்துவிடு" என்றார்.

"பதினைந்து பேர் கொண்டுவந்தால் நடத்துவீர்களா சார்?"

"கொண்டுவா" என்றார். வரமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார்.

அன்று மாலை அறையில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தோழி பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்து என் கையில் போட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்துபோய் சுவரில் இருந்த நாலாம் வருடத் தாளைப் பார்த்தாள். "பிச்சிப்பில்லா, இங்கே வா" என்றாள். "விருப்பப் பாடத்துக்கு இரண்டு இடம் இருக்கிறதே. எல்லாரும் ஏன் ஒன்றை விட்டால்தான் இன்னொன்று என்று நினைக்கிறார்கள்?"

பார்த்தேன். அவள் சொன்னது சரி. இரண்டு விருப்பப் பாடம் எடுக்க வேண்டும். டேட்டாபேஸும் ஹை வோல்டேஜும் டைம்டேபிளில் ஒரே மணிநேரத்தில் வைக்கப்பட்டிருந்தன; அதனால்தான் ஒன்றை எடுத்தால் மற்றது விட்டுப்போனது. ஹை வோல்டேஜை வியாழக்கிழமை முதல் மணிக்கு மாற்றினால் யாருக்கும் எதுவும் இழப்பில்லை. வேலைக்குப் போகிறவன் டேட்டாபேஸையும் படிக்கலாம்.

நேரம் மாற்றுவது சரி. ஆள்? மெஸ்ஸில் உப்புமாத் தட்டோடு மேசை மேசையாகப் போனேன். "ஹை வோல்டேஜ் படிச்சா யாரு வேலை குடுப்பாங்க?" என்று நகரி ஊர்க்காரப் பையன் ஒருவன் தமிழிலேயே கேட்டான். அவன்தான் வகுப்பில் முதல் மார்க்.  நான் எதைப் பார்த்து இதற்கு வந்தேனோ அதை அவர்கள் பார்த்ததில்லை. அவ்வளவுதான் வித்தியாசம் என்று தோன்றியது.

மறுநாள் நானும் தோழியும் ரேணிகுண்டா பஸ் ஏறினோம். சப்ஸ்டேஷன் கேட்டில் காவலாளி உள்ளே விடவில்லை. நாங்களும் போகவில்லை. கடைசியில் உள்ளேயிருந்த என்ஜினியரே வெளியே வந்தார். நடுவயது, பூத்துவாலையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். விஷயத்தைச் சொன்னதும், "இத்தனை வருஷமாக இங்கே இருக்கிறேன். திருப்பதியிலிருந்து ஒரு மாணவன்கூட இந்தக் கேட்டைத் தட்டியதில்லை" என்றார். சனிக்கிழமை காலை ஒரு லைனைப் பராமரிப்புக்காகத் துண்டிக்கப் போகிறோம், துறைத்தலைவரின் கடிதத்தோடு வகுப்பைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

சனிக்கிழமை வகுப்பில் பாதிக்கு மேல் வந்தார்கள். பலர் ஊர்சுற்ற வந்தவர்கள்தான். என்ஜினியர் தலைக்கவசம் கொடுத்து, எங்களை ஜல்லிக்கற்கள் பரப்பிய தரையில் வரிசையாக நிறுத்தினார். யாரோ பின்னால் கொட்டாவி விட்டார்கள். எட்ட நின்று ஒரு ஊழியர் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினார். கைகள் விலகின. அந்த வெளிச்சம் எழுந்தது. பஸ் ஜன்னலிலிருந்து நான் பார்த்ததைவிடப் பல மடங்கு பெரிதாக, எங்கள் தலைக்கு மேலேயே சீறிக்கொண்டு நீண்டது, வளைந்தது, அறுந்தது. ஒருவித வாசம் மூக்கில் ஏறியது.

 நகரிப் பையன்தான் முதலில் வாயைத் திறந்தான். "சார், அது ஏன் கட்டானது?"

"அதைச் சொல்ல எனக்கு ஒரு செமஸ்டர் வேண்டும் தம்பி" என்றார் என்ஜினியர். "உங்கள் கல்லூரியிலேயே பாடம் இருக்கிறதே."

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை துறைத்தலைவர் மேசையில் பெயர்களை வைத்தேன். பதினைந்து இல்லை, இருபத்தாறு. கூடவே மாற்றிய டைம்டேபிளும். அவர் இரண்டையும் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "வியாழன் முதல் மணி எனக்கும் காலிதான்" என்றார். "நானே எடுக்கிறேன்." அவர் ஆராய்ச்சி செய்ததே அந்தப் பாடத்தில்தானாம். அது அன்றுவரை எங்கள் யாருக்கும் தெரியாது. அந்தப் பாடத்தைப் படிக்க ஆள் வராமல் பல வருடம் சும்மா கிடந்த மனிதர், அந்த செமஸ்டர் முழுக்க வகுப்புக்கு எங்களுக்கு முன்னால் வந்து காத்திருந்தார்.

நாலாம் வருடத் தொடக்கத்தில் சாஃப்ட்வேர் கம்பெனி வந்தது. தோழிக்கு வேலை கிடைத்தது, இன்னும் பலருக்கும் கிடைத்தது. விடுதியில் அன்றைக்கு ஐஸ்கிரீம். நான் அந்தத் தேர்வு எழுதவில்லை. அண்ணன் போனில், "எழுதிப் பாத்தா இன்னா கொறஞ்சி பூடும்?" என்றான். அந்தக் கேள்வி சில மாதம் என்னோடு கூடவே நடந்தது. நைனா மட்டும் எதுவும் கேட்கவில்லை.

அந்த வருடக் கடைசியில் அமெரிக்காவில் கம்பெனிகள் சரியத் தொடங்கின. சேருகிற தேதியைத் தள்ளிவைத்திருக்கிறோம் என்று ஒவ்வொருவருக்கும் தகவல் வந்தது. எப்போது என்று யாரும் சொல்லவில்லை. விடுதியே துக்கவீடு மாதிரி ஆகிவிட்டது. அந்த நேரத்தில்தான் மின்சாரத்தைத் துண்டிக்கிற பெரிய பிரேக்கர்கள் செய்கிற கம்பெனி ஒன்று சென்னையிலிருந்து ஆள் எடுக்க வந்தது. புதிது புதிதாகத் தனியார் மின்நிலையங்கள் வந்துகொண்டிருந்த காலம் அது. அவர்களுக்கு ஆள் போதவில்லை.

இன்டர்வியூவில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் கேட்டார்: "பிரேக்கர் திறக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது?"

சொல்ல ஆரம்பித்தேன். ஆர்க் என்கிற அந்த வெளிச்சம் எப்படிப் பிறக்கிறது, மின்னோட்டம் பூஜ்யத்தைக் கடக்கிற நொடியில் அதைக் குளிரவைத்துவிட்டால் எப்படி மறுபடி எழ முடியாது, திறந்த காற்றில் ஏன் அது அப்படி வளைந்து மேலே போகிறது. கையால் காட்டிக் காட்டிச் சொன்னேன். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியவில்லை. ஒருவர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

"இதை எல்லாம் உங்கள் கல்லூரியில் நடத்துகிறார்களா?" என்றார் நடுவில் இருந்தவர்.

"இந்த வருஷம் நடத்துனாங்க சார்."

அந்தக் கம்பெனி என்னோடு சேர்த்து ஏழு பேரை எடுத்தது. ஏழு பேரும் வியாழன் முதல் மணி வகுப்பில் உட்கார்ந்தவர்கள். நகரிப் பையனும் அதில் ஒருவன். என் தோழி சாஃப்ட்வேர் கம்பெனிக்காகக் காத்திருப்பதை விட்டுவிட்டு அமெரிக்காவுக்கு மேல்படிப்புக்கு எழுதினாள். துறைத்தலைவர் பரிந்துரை கொடுத்தார். அவளுக்குப் பவர் சிஸ்டம்ஸில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. கம்ப்யூட்டர் கிடைக்காததால் எலக்ட்ரிகலுக்கு வந்தவள், எலக்ட்ரிகலால் அமெரிக்கா போனாள். விமானத்துக்குக் கிளம்புவதற்கு முன் என்னைக் கட்டிக்கொண்டு, "பிச்சிப்பில்லா" என்று மட்டும் சொல்லி அழுதாள்.

சில வருடம் கழித்து என் கம்பெனி ஒரு சப்ஸ்டேஷன் வேலைக்கு என்னைக் குவைத்துக்கு அனுப்பியது. வெள்ளிக்கிழமை அண்ணன் முதலாளியின் காரில் சைட்டுக்கு வந்தான். நான் தலைக்கவசத்தோடு வேலையாட்களுக்கு வேலை சொல்லிக்கொண்டிருந்ததை வெளியே நின்று ரொம்ப நேரம் பார்த்திருக்கிறான். நான் வந்ததும், "இத்தினி பேரும் உன்னயா மேடம்னு கூப்பிடுறாங்கோ?" என்றான்.

"ஆமாண்ணா."

"வெயில்ல காய வேணாம்னு சொன்னேன். நீ இன்னான்னா குவைத்து வெயிலுக்கே வந்துட்ட." அவன் கண் கலங்கியிருந்தது. கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஏறுங்க மேடம்" என்றான். அவன் தோளில் ஒரு அடி போட்டுவிட்டு முன்சீட்டில் உட்கார்ந்தேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு எனக்குக் கிடைத்த பெரிய வேலை தடா பக்கத்தில் ஒரு சப்ஸ்டேஷன். அந்தப் பகுதியில் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்தன. எங்கள் சத்தியவேட்டுப் பக்கத்துப் பையன்களும் பெண்களும் அங்கே வேலைக்குச் சேரக் காத்திருந்தார்கள். மின்சாரம் வராமல் ஒரு இயந்திரமும் ஓடாது. சோதனைகளை முடித்து, ஒவ்வொரு பாதுகாப்பு ரிலேயையும் சரிபார்த்து, கடைசியில் மின்சாரம் ஏற்றுகிற நாள் வந்தது. பொறுப்பு என்னுடையது. கட்டுப்பாட்டு அறையில் போனை எடுத்து, அந்தப் பக்கத்து நிலையத்துக்கு எங்கள் பக்கம் தயார் என்று தெலுங்கில் சொன்னேன். அவர்கள் லைனில் மின்சாரம் விட்டார்கள். நான் பிரேக்கரை மூடச் சொன்னேன்.

ஒரு இடிச்சத்தம், பிறகு டிரான்ஸ்ஃபார்மரின் ரீங்காரம். மீட்டர் முள் எழுந்து நிலையாக நின்றது. யாரும் கைதட்டவில்லை, வேலையில் அது வழக்கமில்லை. என் குழுவில் இருந்த மூத்த டெக்னீஷியன் மட்டும், "எக்கிந்தி மேடம்" என்றார். ஏறிவிட்டது என்று. ஒவ்வொரு தொழிற்சாலையாக இணைப்பைக் கொடுத்துப் பார்த்து, எல்லாம் சரி என்று உறுதி செய்துகொண்டு கிளம்பும்போது பிற்பகல் ஆகிவிட்டது. காலையிலிருந்து ஒருவரும் சாப்பிடவில்லை. ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்துகொண்டு நெடுஞ்சாலைக்கு வந்து, முதலில் கண்ணில்பட்ட ஓட்டலில் இறங்கினோம். இலை போட்டார்கள். பருப்புப் பப்பு, புளிச்சகீரைக் கோங்குராப் பச்சடி, மீன்குழம்பு. பரிமாறுகிறவர் சலிக்காமல் சோறு போட்டுக்கொண்டே இருந்தார். நானும் போதும் என்று சொல்லவே இல்லை. அன்றைக்குச் சாப்பிட்ட மாதிரி என் வாழ்நாளில் நான் சாப்பிட்டதில்லை.